அசல் அண்ணனும் அண்டவெளிக் கப்பல்களும்

காப்பியடிப்பதை அதிகம் வெறுப்பவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், பரிசு எங்கள் ஜெராக்ஸ் கடைக்காரருக்குத்தான் போகும். பட்டா, சிட்டா, ஆதார், சாதிச் சான்றிதழ் என்று நாள் முழுக்கப் பிரதி எடுத்துத் தள்ளுகிற அதே மனிதர்தான், ஒரு வீடியோ கேம்காரன் இன்னொரு வீடியோ கேம்காரனைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டான் என்று தெரிந்தால் அன்றைக்குச் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருப்பார்.

செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் அவர் கடை. மேல்மாடியில் ஒரு வக்கீல் ஆபீஸ். அங்கே நான் குமாஸ்தாவாகச் சில வருஷம் குப்பை கொட்டினேன். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். தெருவுக்கு அவர் ‘அசல்’, வயதில் சிறியவர்களுக்கு அசல் அண்ணன். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் நகலை வாங்கிக்கொண்டு அசலை மிஷினுக்குள்ளேயே மறந்துவிட்டுப் போவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். மற்ற கடைக்காரர்கள் அதை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவரோ கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடுவார். ஒரு தடவை யாரோ விட்டுப்போன பிறப்புச் சான்றிதழோடு ஸ்டேஷனுக்கு ஓடி, நகரத் தொடங்கிய எலெக்ட்ரிக் ரயிலில் தொற்றி ஏறி, பெட்டி பெட்டியாகத் தேடி, ஊரப்பாக்கத்தில் அந்த ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். டிக்கெட் இல்லாமல் போனதற்கு அபராதம் வேறு.

"அசலு போச்சின்னா இன்னா சார் கீது? மத்ததெல்லாம் வெறும் பேப்பரு" என்றார் மூச்சு வாங்க. அந்த நேரத்தில் என் வக்கீலின் ரிட் மனு பாதி நகலோடு மிஷினில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் வாங்கிய திட்டு தனிக் கதை.

விஷயம் இத்தோடு நின்றிருந்தால் அவரை நல்ல மனுஷர் என்று சொல்லி விட்டிருப்பேன். கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் அவர் விண்வெளி கேம் ஆடுவார். சுடுகிற கேம் இல்லை. உட்கார்ந்து யோசித்து ஆடுகிற ரகம். ஆரம்பத்தில் ஒரே ஒரு கிரகம் கொடுப்பார்கள். தோண்டி கனிமம் எடுக்க வேண்டும், கப்பல் கட்ட வேண்டும், அடுத்த கிரகத்தில் போய்க் கொடி நட வேண்டும். பக்கத்துக் கிரகத்துக்காரன் முதலில் இனிக்க இனிக்கப் பேசுவான், பிறகு எல்லைத் தகராறு கிளப்புவான். ஜி.எஸ்.டி. ரோட்டில் மனை வாங்கியவர்களுக்கு இந்த ஆட்டத்தைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த ரகத்தில் ஏகப்பட்ட கேம்கள் உண்டாம். அவற்றில் ஒரு பழைய கேமை மட்டும் அவர் ‘மூத்தது’ என்பார். அது அசல். அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் திருட்டு. இந்த வழக்கை நிரூபிக்க, மூத்ததின் படத்தையும் மற்றதின் படத்தையும் பிரிண்ட் எடுத்து, கடைச் சுவரில் ஜோடி ஜோடியாக ஒட்டியிருந்தார்.

"இன்னா சார் அநியாயம் இது! இந்தக் கப்பலு மூக்கப் பாரு, அந்தக் கப்பலு மூக்கப் பாரு. இவன் மூணு கையி ஏலியன் வெச்சான். அவன் நாலு கையி வெச்சிட்டு புச்சுன்றான். ஒரு கையி சேத்தா புச்சா?"

"அண்ணே, வக்காலத்து ரெண்டு காப்பி…"

"இரு சார், இத்தக் கேட்டுட்டுப் போ."

கேட்காமல் விடமாட்டார். மிஷின் பட்டனைத் தட்ட வேண்டிய விரல் அந்தரத்திலேயே நிற்கும். கோர்ட்டில் கூப்பிடுகிற நேரம் நெருங்கும். வேறு வழியில்லாமல், ஆமாம் காப்பிதான், பச்சைத் திருட்டு என்று ஒப்புக்கொண்ட பிறகே மிஷின் ஓடும்.

சுவர் நிறையக் கிரகங்கள் இருந்ததால் வேறொரு வம்பும் வந்தது. மதுராந்தகம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா சுவரைப் பார்த்ததும் செருப்பை வெளியே கழற்றிவிட்டார். கையைக் கூப்பிக்கொண்டு, "சாமி, எம்பொண்ணு கல்யாணம் தள்ளிகினே போவுது. சனி எங்க கீறாருன்னு பாத்துச் சொல்லு சாமி" என்றார்.

அசல் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சனி கிட்ட போவாதம்மா, அங்க ஒண்ணும் தேறாது. மொதல்ல வியாழனப் புடி. வியாழன் கைக்கு வந்துட்சின்னா மத்தது தானா வரும்."

அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். சில மாதம் கழித்துத் தட்டு நிறையப் பழத்தோடும் கல்யாணப் பத்திரிகையோடும் வந்து நின்றார். எதற்கு என்று அசலுக்கு இன்றுவரை புரியவில்லை. பழத்தில் பாதி எனக்குக் கிடைத்தது, அதனால் நானும் விளக்கவில்லை.

இவர் பேச்சை விரும்பிக் கேட்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவருடைய மாமனார். ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். வழுக்கைத் தலை, பெரிய தொப்பை. வலது முழங்கையை ஜன்னலில் ஊன்றியே ஓட்டி ஓட்டி, உடம்பே வலது பக்கம் சாய்ந்துபோனவர். தொப்பையும் அதே பக்கம் சரிந்து உட்காரும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மருமகன் கடைக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படிச் சாய்ந்து, "சொல்லு மாப்ள" என்பார். அசல் சொல்லத் தொடங்கியதும் தூங்கிவிடுவார். ஆனாலும் எழுந்து போகமாட்டார். "எங்க மாமனாரு ஒருத்தருதான் சார் முழுசா கேப்பாரு" என்று அசல் பெருமைப்படுவார். அந்தப் பெரியவர் ஒரு நாள் திடீரென்று மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அந்த நாற்காலியை அசல் யாருக்கும் தரவில்லை. அதன் மேல் ஏ4 பேப்பர் பண்டலை வைத்துவிட்டார்.

அடுத்த வருஷம் அசலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வயது ஒன்று ஆனதும் கருங்குழிப் பக்கம் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக முடிவானது. பத்திரிகையும் அடித்தார்கள். அதில் தாய்மாமன் செல்வத்தின் பெயர் கொட்டை எழுத்தில். செல்வம் அசலின் மனைவி மேகலாவுக்குத் தம்பி. மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை வைத்திருப்பவர். அவர் மடியில் உட்கார்த்தித்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும்.

பத்திரிகை வைக்கப் போன இடத்தில்தான் அசல் வாயைத் திறந்தார்.

பட்டறையில் ஒரு தம்பதி புது வீட்டு வாசலுக்குப் பிள்ளையார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேரம் முடிந்து, காரின் டிக்கியையே திறந்துவிட்டார்கள். அசல் நடுவில் புகுந்தார். "ஒரு நிமிசம் சார். பக்கத்துப் பட்டறையில இதே போஸு, இதே எலி, இதே கொழுக்கட்ட கீது. யாரு மொதல்ல செஞ்சதுன்னு கேட்டு, அசலப் பாத்து வாங்குங்கோ."

தம்பதிக்கு அது நியாயமாகப் பட்டது. பட்டறை பட்டறையாகப் போய், "முதலில் செய்தது நீங்களா?" என்று கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தெருவே உளியும் கையுமாகச் செல்வம் வாசலில் வந்து நின்றது. தம்பதி பிள்ளையாரே வேண்டாம் என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

செல்வம் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தார். "ஊரு முன்னால என்னத் திருடன்னு சொல்லிட்டிங்க மாமா. எங்க கைத்தொழில்ல எல்லாம் ஒண்ணுதானே? எவன் மடியில வேணா ஒக்கார வெச்சிக் காது குத்துங்க. மடியும் எல்லாம் ஒண்ணுதான்."

மேகலா கத்தவில்லை, அழவில்லை. ஊர் திரும்பியதும் நேராகக் கடைக்குப் போய், கம்ப்யூட்டரின் மவுஸைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். "எந்தம்பி மடியில்லாம எம்பொண்ணு காதுல ஊசி எறங்காது. அவன் வர்ற அன்னிக்கு இது வரும்" என்றார். அப்பாவும் போய்விட்ட பிறகு, பிறந்த வீடு என்று மேகலாவுக்கு மிச்சம் இருந்தது அந்தத் தம்பி ஒருவன்தான். அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டபோதுதான் குரல் உடைந்தது.

டீக்கடைக்காரர் அசலுக்கு ஒரு வழி சொன்னார். "ஒண்ணு வுட்ட மச்சான் யாராச்சும் கீறாரா? அவர ஒக்கார வெச்சி முடிச்சிடு அண்ணாத்த."

அசல் டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். "டூப்ளிகேட் தாய்மாமனா? எம்பொண்ணுக்கா?"

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினார். வழி முழுக்க மன்னிப்பு கேட்டு ஒத்திகை பார்த்தார். "மச்சான், தப்பு என் மேலதான். ஆனா யோசிச்சிப் பாரு…"

"அந்த ‘ஆனா’ வேண்டாம் அண்ணே."

"சரி சார். மச்சான், தப்பு என் மேலதான். இருந்தாலும்…"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செல்வம் எங்களைப் பார்த்தும் கல் அறுக்கும் மிஷினை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்திலேயே அசல் முழு மன்னிப்பையும் சொல்லி முடித்தார்; ஒரு சொல்கூட யார் காதிலும் விழவில்லை. அதுவும் நல்லதற்குத்தான். தூசு அடங்கியதும் செல்வம் முகத்துணியை இறக்கிவிட்டு, எங்களைப் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த பொது மைதானத்துக்கு அழைத்துப் போனார்.

அங்கே வரிசையாகப் பிள்ளையார்கள். கடற்கரைச் சாலையில் வரிசையாக வில்லாக்கள் கட்டுகிற ஒருவர், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று என்று ஆர்டர் கொடுத்திருந்தார். ஒரே அளவு, ஒரே கல், ஒரே போஸ். வேலையைத் தெருவில் உள்ள பட்டறைகள் பங்கு போட்டுக்கொண்டு செய்து, லாரிக்காக இறக்கி வைத்திருந்தன.

"எல்லாம் ஒண்ணுதான்னிங்களே மாமா. இதுல நான் செஞ்சது எதுன்னு காட்டுங்க. சரியாக் காட்டிட்டா வர்றேன். தப்பாச் சொன்னிங்கன்னா இப்படியே பஸ் ஏறிடுங்க."

அன்றைக்குச் சண்டைக்கு வந்த சிற்பிகள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். எனக்கு எல்லாப் பிள்ளையாரும் ஒரே பிள்ளையார்தான்.

அசல் வேட்டியை மடித்துக் கட்டினார். கடைச் சுவரின் முன்னால் நிற்பது போலவே நின்றார். ஒரு கண்ணை மூடினார், குந்தினார், தும்பிக்கையைப் பார்த்தார், எலியின் வாலைப் பார்த்தார். இரண்டு பிள்ளையாருக்கு நடுவில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். வெயில் மண்டையைப் பிளந்தது. சிலர் சிரிக்கத் தொடங்கினார்கள். நடுவரிசையில் ஒரு பிள்ளையாரின் எதிரே வந்ததும் அவர் நின்றுவிட்டார். தொப்பையின் மேல் கையை வைத்தார்.

"மச்சான்," என்றார் பிறகு. "இது ஒங்கப்பா தொப்பைடா."

"இன்னா?"

"வலது பக்கம் சரிஞ்சிகினு கீது பாரு. சாப்ட்டு வந்து என் கடையில ஒக்காருவாரே, அதே சாய்வு. மத்தது எல்லாம் நேரா ஒக்காந்துகினு கீது. இவரு மட்டும் லாரி ஓட்டுறாரு."

செல்வம் கிட்டே வந்து பார்த்தார். தன் பட்டறைக்குள் செய்து வைத்திருந்த மற்ற பிள்ளையார்களையும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அத்தனையும் வலது பக்கம்தான் சாய்ந்திருந்தன. "நான் அப்படி நெனச்சிச் செய்யலியே மாமா… கை தானாப் போயிருக்குது" என்றார். அப்படியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து முகத்துணியால் கண்ணைத் துடைத்தார். அசலும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், கல் தூசு என்று சொல்லிச் சமாளித்தேன்.

சுற்றி நின்றவர்களின் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. ஒரு சிற்பி மெதுவாக வந்து, "அண்ணாத்த, என்னுதுல யாரு கீறாங்கன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கடைசி பஸ்ஸைப் பிடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பஸ்ஸில் அசல் வெகு நேரம் யோசித்தார். "அப்ப மூத்தத்தப் பாத்து ரெண்டாவது கேம் செஞ்சவனும் உள்ள எதுனா வெச்சிருப்பான் இல்ல சார்? நாந்தான் கப்பலு மூக்கயே பாத்துகினு இருந்துட்டேன்." நான் தலையாட்டினேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவர் மறுபடி நிமிர்ந்தார். "ஆனா மூணாவது கேம் காப்பிதான். அத்த வுட மாட்டேன்."

காதுகுத்து அன்று செல்வம் சீர்த்தட்டோடு முதல் ஆளாக வந்துவிட்டார். மடியில் குழந்தை. மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தது. காது குத்த வந்த பத்தர் ஊசியை எடுத்ததும் அசல் திரும்பி நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது கேமின் குற்றங்களைப் பட்டியல் போடத் தொடங்கினார். குழந்தை வீறிட்டது. அவர் குரலை உயர்த்தினாரே தவிர நிறுத்தவில்லை.

அழுகை ஓய்ந்ததும் யாரோ குழந்தை கையில் ஒரு லட்டைக் கொடுத்தார்கள். அது லட்டைத் தின்றுவிட்டு, தாய்மாமனின் முழங்கை மேல் தன் வலது கையை ஊன்றி, தொப்பையை முன்னால் தள்ளி, மொட்டைத் தலையோடு வலது பக்கம் சாய்ந்து கண்ணை மூடிவிட்டது. தாத்தா முகத்தைக்கூட அது பார்த்ததில்லை.

மேகலா வாயைப் பொத்திக்கொண்டார். அசல் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா சார்! காப்பி சார்! ஒரு புள்ளி மாறாத காப்பி!"

அந்தச் சொல்லை அவர் சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டது அன்றைக்கு ஒரு தரம்தான். மேகலா கைப்பையிலிருந்து மவுஸை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வேலை மாறி, ஊர் மாறி வந்துவிட்டேன். இருந்தாலும் செங்கல்பட்டு வழியாகப் போனால் இறங்கி, அந்தச் சந்துக்குப் போய், ஆதார் அட்டையை ஒரு காப்பி எடுக்கச் சொல்லிக் கொடுப்பேன். பேப்பர் பண்டலை இறக்கி வைத்துவிட்டு அந்த நாற்காலியை எனக்குத் தள்ளுவார். என் வீட்டு அலமாரியில் ஆதார் காப்பி ஒரு கட்டு கிடக்கிறது. ஒன்றைக்கூடத் தூக்கிப்போட மனசு வரவில்லை.