ரியாத் வெயிலைக் கண்டவர்

வெயிலில் மட்டும் வெளிப்படுகிற ஒரு மனித இனம் இருக்கிறது. குளிர்காலத்தில் இவரை உங்களால் அடையாளம் காண முடியாது. எல்லாரையும் போலத் தொப்பியும் கையுறையுமாகத் தரிப்பிடத்தில் நின்று, பேருந்து பிந்துகிறது என்று முணுமுணுப்பார். ஆனால் ஏப்ரல் கடைசியில், குளிர் அங்கியை அலுமாரிக்குள் வைப்பதற்கு முன்பே வெப்பமானி முப்பத்தொன்றைத் தொட்டு, ஜெர்மனியின் எசன் நகரத்துக் கடைகளில் மின்விசிறிகள் விற்று முடிந்து, வெள்ளைக்காரர் பூங்காப் புல்லில் முதுகைக் காயப்போட்டு, டிராமுக்குள் சனம் கைக்கு வந்த கடிதத்தால் விசிறிக்கொண்டிருக்கும் நாளில், முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, வியர்வை துடைக்கிற முதல் ஆளைத் தேடி இவர் புறப்படுவார்.

இவர்தான் ரியாத் வெயிலைக் கண்டவர். உங்கள் நகரத்தில் குவைத் வெயிலையோ தோஹா வெயிலையோ கண்டவராக இருக்கலாம். எசனில் அவர் பெயர் சோதிலிங்கம். வயது அறுபத்தாறு, ஓய்வூதியக்காரர், தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டியின் மைதானப் பொறுப்பாளர்.

அவருடைய பூசை முறை மாறாதது. நீங்கள் நெற்றியைத் துடைத்தால் முதலில் மூக்கால் ஒரு சிரிப்பு வரும். பிறகு, "உதும் ஒரு வெயிலே?" பிறகு மௌனம். "ஏன் அண்ணை?" என்று நீங்கள் கேட்பதற்காக விடப்பட்ட இடைவெளி அது. கேட்கவில்லையா? பரவாயில்லை, அவரே கேட்டுக்கொள்வார். "ஏன் சொல்லுறன் எண்டா, எண்பத்து மூண்டிலை நான் ரியாத்திலை நிண்டனான்." அடுத்த இருபது நிமிடங்கள் உங்களுடையவை அல்ல.

ரியாத்தின் வெப்பம் வருடத்துக்கு வருடம் ஏறியது. ஜெர்மனிக்கு வந்த புதிதில் அது நாற்பத்தாறு பாகை. இரண்டாயிரத்து மூன்றின் கோடையில் இங்கே கிழவர்கள் சுருண்டு விழுந்தபோது ரியாத் நாற்பத்தொன்பதானது. பிற்பாடு ஒரு ஜூலையில் ஜெர்மனியே நாற்பதைத் தாண்டியதும் மனிதர் ஒரு கிழமை வெளியே தலைகாட்டவில்லை; தலைகாட்டியபோது ரியாத் ஐம்பத்து நான்கு. அங்கே கார் மூடியில் பொரித்த முட்டையும் சும்மா இருக்கவில்லை. முதலில் ஒரு முட்டை. பிறகு வெங்காயம் போட்ட முட்டை. கடைசியாக ஒரு கலியாண வீட்டில் அவர் சொன்ன கணக்குக்கு, பத்துப் பேர் சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஊருக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். ரியாத்தில் சோதிலிங்கம் வேலை செய்தது கோழி இறைச்சி உறைகுளிர்க் களஞ்சியத்தில். மைனஸ் பதினெட்டு. விடிய முன்னர் மூடிய வான் வண்டியில் போய், இருண்ட பிறகு அதே வண்டியில் திரும்பினார். பதினாறு மாதமும் கம்பளித் தொப்பி, இரட்டைக் காலுறை, விரலில் குளிர்வெடிப்பு. வெள்ளிக்கிழமை விடுமுறையில் அறையின் குளிரூட்டியை முழுவதுமாகத் திருகிவிட்டுப் படுத்தார். பாலைவனச் சூரியனை அவர் அறிந்தது வண்டிக்கும் களஞ்சியக் கதவுக்கும் இடைப்பட்ட பதினொரு எட்டு நடையில், அதுவும் சூரியன் இல்லாத நேரத்தில்.

பட்டது பட்டதுதான், அதில் பொய் இல்லை. ஆனால் ஜெர்மனியில் குளிரைச் சொல்லி யாரை மடக்குவது? இங்கே ஜனவரியில் தபால்காரனுக்கும் அந்தக் கதை இருக்கிறது. அதனால் துன்பத்தை அப்படியே வைத்துக்கொண்டு பாகையை மட்டும் மாற்றினார். செய்யக் கூடாததா?

இந்த வருடம் போட்டிக்கு நான்கு நாள் முன்பு கூடிய கூட்டத்தில் செயலாளர் ஆதிரை கைப்பேசியைக் காட்டினாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், மருந்தகத்தில் வேலை.

"சனிக்கிழமை முப்பத்து மூண்டு பாகையாம். கூடாரம் அடிப்பம். இல்லாட்டிப் பின்னேரம் வைப்பம்."

"கூடாரம் அடிக்க இதென்ன கலியாண வீடே, பிள்ளை?" என்றார் சோதிலிங்கம்.

"சின்னப் பிள்ளையள் இருக்கு, அங்கிள்."

"பிள்ளையளுக்கும் தாய்மாருக்கும் அடியுங்கோ. எனக்கு நிழல் வேண்டாம். காலமை ஒன்பது தொடக்கம் பரிசளிப்பு வரைக்கும் நான் வெயிலுக்கை நிண்டு நடத்திக் காட்டுறன். கூட்டக் குறிப்பிலை, Protokollஇலை எழுதுங்கோ."

எழுதினாள். எழுதி முடித்து, பரிசுப் பொருளை நீட்டுவதுபோல் சொன்னாள்: "அங்கிள், உங்களுக்கு ஒரு Überraschung, நீங்கள் எதிர்பாராத சந்தோசம். பிரதம விருந்தினர் பிறேமனிலை இருந்து வாறார். இராயப்பு அங்கிள். ரியாத்திலை உங்கடை அறையிலைதான் இருந்தவராம்."

அந்தக் கணத்தில் ரியாத் வெயில் உண்மையிலேயே சோதிலிங்கத்தின் மேல் இறங்கியது. அறையில் மட்டுமா இருந்தான் இராயப்பு? கோழிப் பெட்டியின் மறு முனையைப் பிடித்தவனே அவன்தான்.

"இஞ்சருங்கோ, அந்தாளை வரவேண்டாம் எண்டு சொல்ல ஏலாதே?" என்றார் மனைவி சந்திரகாந்தி வீட்டில். கம்பளித் தொப்பியோடு நிற்கும் கணவனின் பழைய படமொன்றை அல்பத்தில் கண்ட நாளிலிருந்து அவருக்கு எல்லாம் தெரியும், கேட்டதில்லை.

"என்னெண்டு சொல்லுறது?"

"அப்ப நில்லுங்கோ. தண்ணியாவது குடிச்சிட்டு நில்லுங்கோ."

சனிக்கிழமை நின்றார். ஒன்பது மணிக்கு நிமிர்ந்து நின்றார். பத்தரைக்கு விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பதினொன்றரைக்கு, நூறு மீற்றர் ஓடியவர்களை விட ஓட்டத்தைப் பார்த்தவருக்கு அதிகமாக மூச்சு வாங்கியது. கூடாரத்தில் இருந்து ஒருவர் கேட்டார்: "என்ன அண்ணை, வேர்க்குதே?"

"சீ. முகம் கழுவினனான்."

பன்னிரண்டுக்குக் கறுத்தக் கார் வந்தது. இறங்கிய இராயப்பு நேரே ஒலிவாங்கிக்கு அழைத்துச் செல்லப்பட்டார். சோதிலிங்கம் ஓட்டம் முடிகிற கோட்டுக்கு அருகில், தூக்குமேடையில் நிற்பவரைப்போல நின்றார். நாற்பது வருட மரியாதை. இன்னும் ஒரு வசனத்தில் அது கோழியாகிவிடும்.

இராயப்பு கூடாரத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மூக்கால் சிரித்தார்.

"உங்களுக்கு இது வெயில். நானும் என்ரை லிங்கமும் ரியாத்திலை ரோட்டுப் போட்டனாங்கள். ஐம்பத்தாறு பாகை. தார் ஊத்தத் தேவையில்லை, தானா உருகும்."

கைதட்டல் எழுந்தது. சோதிலிங்கத்துக்கு முதலில் உயிர் வந்தது. அடுத்த நிமிடமே மனம் நொந்தது. ஐம்பத்தாறா? அவரே ஐம்பத்து நான்குக்கு மேல் போனதில்லையே.

கூடாரத்துக்குள் போட்ட கதிரையை இராயப்பு மறுத்தார். வேறென்ன செய்வார்? வந்து நண்பனின் பக்கத்தில், வெயிலில் நின்றார்.

"ரோட்டு எப்பயடா போட்டனாங்கள்?" என்றார் சோதிலிங்கம் உதடு அசையாமல்.

"நீ என்ன சொல்லி வைச்சிருக்கிறாயோ, எனக்கென்ன தெரியும்? பிறேமனிலை நான் சொல்லி வைச்சது ரோட்டு."

"தலை சுத்துது."

"எனக்கும். நீ முதல் போய் இரு."

"நீ விருந்தாளி. நீ முதல் போ."

"நான் இருந்தா பிறேமனுக்கு இண்டைக்கே போன் போகும்."

இப்படியே முக்கால் மணி நேரம். இரண்டு கிழவர்களைப் பிடித்து வைத்திருந்தது சூரியன் அல்ல. ஆளுக்காள் பிடித்து வைத்திருந்தார்கள். கடைசியில் சந்திரகாந்தி வந்தார். வெயிலைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "இஞ்சருங்கோ, மைதான ஓரத்திலை நிக்கிற குளிரூட்டி வண்டிக்கை வைச்ச சோடா குளிர்ந்திட்டுதோ எண்டு ரெண்டு பேருமா ஒருக்கால் பாத்திட்டு வாங்கோ" என்றார், எல்லாருக்கும் கேட்க.

பொறுப்பாளர் சோடாவைப் பார்ப்பது கடமை அல்லவா? போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

கால் மணி கழித்து ஆதிரை கதவைத் திறந்தபோது உள்ளே இரண்டு பேரும் சோடாப் பெட்டியின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, பேச்சில்லாமல், ஒருவர் மூச்சு விடும்போது மற்றவர் தூக்கி, வண்டியை முழுவதுமாக மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் அப்படியொரு தெளிவு.

"என்ன அங்கிள் செய்யிறியள்?"

"ஆர் பிள்ளை உதை அடுக்கினது?" சோதிலிங்கத்துக்கு உண்மையான கோபம். "சுவரோடை ஒட்டி அடுக்கினா குளிர்காத்து எப்பிடிச் சுத்தும்? நாலு விரல் இடைவெளி விடவேணும். ரியாத்திலை மைனஸ் பதினெட்டிலை நாங்கள் ஒரு நாளைக்கு அறுநூறு பெட்டி..."

நின்றார். இராயப்பு கண்ணை மூடிக்கொண்டார்.

"ரியாத்திலை மைனஸ் பதினெட்டே?" என்றாள் ஆதிரை. அவளுக்குப் பின்னால் சோடாவுக்கு வரிசையில் நின்ற முப்பது பேரும் கேட்டார்கள்.

அப்போது நடந்ததை நீங்கள் நம்பமாட்டீர்கள். யாரும் சிரிக்கவில்லை. "பிறகு, அங்கிள்?" என்றாள் அவள். நாற்பது வருடத்தில் அவர் இடைவெளி விடாமலே ஒருவர் கேட்ட முதல் கேள்வி. சொன்னார். வான் வண்டி, கம்பளித் தொப்பி, குளிர்வெடிப்பு, வெயில் நகரத்தில் வெயிலைக் காணாத பதினாறு மாதம். கூடாரத்து நிழலில் இருந்துகொண்டு, சோடா குடித்துக்கொண்டு சொன்னார். ஒருவரும் எழுந்து போகவில்லை.

பரிசளிப்பு முடிவதற்குள் மைனஸ் பதினெட்டு இருபத்தாறாகிவிட்டது என்பது வேறு விடயம்.

இதைப் படித்துவிட்டு யாருக்கு அனுப்பலாம் என்று ஒரு பெயரை மனதில் எடுத்துவிட்டீர்கள், தெரியும். அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு கேள்வி: ஜெர்மனிக்கு வந்த முதல் வருடம், அகதி முகாமில், உங்கள் அறையில் எத்தனை பேர் இருந்தீர்கள்? அவசரப்படாதீர்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள்.