சட்டைக்குள் போன சலவை எந்திரம்

மூடிய கதவைத் துளைத்துக்கொண்டு சட்டை சலவை எந்திரத்துக்குள் போனது.

“கதவு திறக்கிறதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்?” என்று மடிக்கணினியைப் பார்த்துக் கேட்டார் கையேட்டுக்காரர்.

சாப்பாட்டு மேசையின் மறுமுனையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “யார்கிட்ட பேசுறீங்க? என்கிட்டயா?”

“சட்டைகிட்ட.”

“அதானே பாத்தேன்.”

சலவை எந்திரம் செய்யும் நிறுவனத்தில், எந்திரத்தோடு வரும் பயன்பாட்டுக் கையேட்டை எழுதுவது அவர் வேலை. அந்தப் பிரிவின் தலைவரும் அவரே, கடைசி ஊழியரும் அவரே. ‘கையேட்டை யாருங்க படிக்கிறாங்க?’ என்று புதிதாக வந்த இயக்குநர் அம்மா கேட்டுவிட்டார். பிரிவை ஏன் மூடக்கூடாது என்று இன்று கையேட்டுக்காரர் நிர்வாகக் குழுவுக்கு விளக்க வேண்டும். விளக்கம் எடுபடாவிட்டால் புகார்ப் பிரிவுக்கு மாற்றல். அங்கே காலையில் தொலைபேசியை எடுத்தால் மாலையில்தான் வைக்கலாம். நாள் முழுக்கப் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டால் செருப்பைக் குனிந்து சரிசெய்துகொள்ளும் மனிதருக்கு அதைவிடப் பெரிய தண்டனையை யாராலும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே, பேசுகிற வேலையைப் படத்திடம் ஒப்படைத்திருந்தார். சுட்டியால் இழுத்து இழுத்துப் படம் செய்யும் மென்பொருள் அவருக்குச் சரிப்படாது. எல்லாவற்றையும் எழுத்திலேயே சொன்னால் செய்து காட்டுகிற ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தார். ‘கதவு, திற. சட்டை, உள்ளே போ. கதவு, மூடு.’ வரிக்கு ஒரு அசைவு. பொத்தானைத் தட்டினால் அடுத்த அசைவு. இத்தனை வருடமாக அவர் எழுதி வந்ததும் இதைத்தானே? மனிதர்கள் படிக்காமல் தூக்கிப் போடுவார்கள். கணினி ஒரு வரி விடாமல் படிக்கும். அந்தச் சந்தோஷத்தில், ஒரு வரி விடாமல் படிக்கிறவர்களிடம் உள்ள ஆபத்து அவருக்குத் தோன்றவில்லை.

கதவைத் திறக்கும் வரியை மேலே ஏற்றினார். கதவு ஒழுங்காகத் திறந்தது. சட்டை உள்ளே போனது. கூடவே கதவும் உள்ளே போனது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தார்.

“என்னங்க, வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன். அதுக்கு எதுக்கு இத்தனை ஆட்டம்?”

“படம் பேசும்.”

“என்னைக் கட்டிக்கிறியான்னும் அம்புக்குறி போட்டுப் படம் வரைஞ்சுதான் கேட்டீங்க. பஸ் ஸ்டாண்டுக்கு வழி காட்டுறீங்கன்னு நெனச்சேன்.”

“வந்து சேந்துட்டல்ல?”

“பஸ்ஸைத் தவற விட்டுட்டேன், அதான்!”

பேருந்தில் மடிமேல் வைத்துத் திருத்தினார். சட்டையை உள்ளே போகுமளவுக்குச் சுருக்கலாம் என்று ‘சிறிதாகு’ என்று ஒரு வரி சேர்த்தார். வண்டி ஒரு பள்ளத்தில் குதித்ததில் அந்த வரி எந்திரத்தின் பெயருக்குக் கீழே போய் உட்கார்ந்தது. தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிய எந்திரம் நேராகச் சட்டைப் பைக்குள் நுழைந்தது.

அலுவலக வரவேற்பறையில் அதைச் சரிசெய்ய உட்கார்ந்தவர், முதலில் உருளையையாவது சுழல வைப்போம் என்று ‘சுழல்’ என்று எழுதினார். எது சுழல வேண்டும் என்று எழுத மறந்தார். எல்லாமே சுழன்றது. தலைப்பு, பக்க எண், நிறுவனத்தின் சின்னம் எல்லாம்.

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

கூட்ட அறையில் விளக்குகளைக் குறைத்திருந்தார்கள். மின்பணியாளர் வயரைக் கொண்டுவந்து மடிக்கணினியில் செருகி, “சார், ஒரு நிமிஷம் பொறுங்க” என்று சொல்லிவிட்டு அறையின் பின்பக்கம் போனார்.

“ஆரம்பிக்கலாமே” என்றார் இயக்குநர்.

ஒரு நிமிடம் பொறுத்தால் தைரியம் போய்விடும் என்று கையேட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். முதுகுக்குப் பின்னால் பெரிய திரை, முன்னால் அத்தனை முகங்கள். தலையை நிமிர்த்துவதே ஆபத்து. பார்வையை மடிக்கணினியில் ஒட்டவைத்துப் பொத்தானைத் தட்டினார்.

“கதவு... திறக்குது.”

திறந்தது. அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் போலிருந்தது. மறுபடி தட்டினார்.

“சட்டை உள்ள போகுது. மன்னிக்கணும், கதவும் கூடவே போயிடுச்சு. நீங்க வீட்ல செய்யறப்ப கதவு வெளியிலயே இருக்கட்டும்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்குக் காது சூடேறியது. படம் கைவிட்டுவிட்டது, வேறு வழியில்லாமல் வாய் தொடர்ந்தது. “நிஜத்துல கதவை விளிம்பைப் பிடிச்சு மெதுவாத் தள்ளணும். சொடக்குன்னு ஒரு சத்தம் கேக்கும். கேக்கலைன்னா சட்டைக் கை ஒண்ணு கதவிடுக்குல மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். மாட்டினது காலர்னா சத்தம் கொஞ்சம் மொத்தையாக் கேக்கும்.”

ஓரக்கண்ணால் பார்த்தார். முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார், சரி, ஒரு ஓட்டுப் போச்சு என்று நினைத்துக்கொண்டு தட்டினார்.

“இப்ப மெஷின் சின்னதாகுது. சட்டைப் பைக்குள்ள போகுது. பையைத் துழாவிப் பாத்துட்டுத்தான் துணியைப் போடணும்னு கையேட்டுல எழுதியிருக்கேன். அதுக்குக் காரணம் இது இல்ல.”

அறை வெடித்துச் சிரித்தது. பின்னால் மின்பணியாளர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார். சீக்கிரம் முடிக்கச் சொல்கிறார் என்று கையேட்டுக்காரர் வேகத்தைக் கூட்டினார். இயக்குநர் திரும்பி, மின்பணியாளரை உட்காரும்படி கைகாட்டினார்.

“இப்ப எல்லாமே சுத்துது. தலைப்பும் சுத்துது.”

“எந்தப் பக்கமாச் சுத்துது?” என்று இயக்குநர் கேட்டார்.

பாவம், கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார். “வலப்பக்கமா, மேடம். நம்ம சின்னம் மட்டும் தலைகீழா நிக்குது.”

இயக்குநர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழவைத்துவிட்டோம், புகார்ப் பிரிவு உறுதி என்று கையேட்டுக்காரர் மடிக்கணினியை மூடினார்.

கைதட்டல் கேட்டது. முதலில் முன்வரிசையில் தூங்கியவர், பிறகு எல்லாரும்.

“எனக்கு அந்தச் சட்டை இன்னும் கண்ணு முன்னாடியே நிக்குது” என்றார் இயக்குநர். “கதவுச் சத்தம்கூடக் கேட்டுச்சு. இப்படிக் காட்டத் தெரிஞ்ச ஒருத்தரை வச்சுக்கிட்டுப் பிரிவை மூடுவாங்களா? நீங்க உங்க எடத்துலயே இருங்க.”

அறை காலியானதும் அவர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு போனில் மனைவியைக் கூப்பிட்டார்.

“ஜெயிச்சாச்சு. பிரிவு தப்பிச்சுது.”

“நெஜமாவா! வாயைத் திறந்தீங்களா?”

“அங்கங்க ரெண்டு வார்த்தை. அது கணக்குல வராது. எல்லாம் அசைவுதான். படம்தான் பேசும்னு நான் சொன்னேன்ல? சட்டையைப் பாத்து இயக்குநரே கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.”

“சரி சரி, இனிமே நான் வாயைத் திறக்கல.”

குடும்ப வாழ்க்கையில் அப்படியொரு வாக்கியத்தை அவர் கேட்டதே இல்லை. மீசைக்குள் சிரித்துக்கொண்டு போனை வைத்தபோது, மின்பணியாளர் கையில் ஒரு வயர்ச் சுருளோடு தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

“சார், பழைய வயர் செத்துக் கெடந்துச்சு, இப்ப புதுசு மாத்திட்டேன். அந்தச் சட்டையைத் திரையில ஒரு தடவை போடுங்களேன், யாருமே பாக்கல, நானாவது பாத்துக்கிறேன்.”