நான் தைத்த பலாப் புத்தகம்

இனி மனைவியை நம்பிச் சாப்பிடுவதில்லை என்று 1956 ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை சபதம் செய்தேன். அன்று காலைதான் மீனம்மாள் கோபித்துக்கொண்டு கறம்பக்குடியில் இருந்த பிறந்த வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

காரணம் பலா.

"ஒங்க ஊருல பலாவைத் தவிர வேற எதுவுமே காய்க்காதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபோது என் தட்டில் மூன்றாம் தடவை வாங்கிய பலாக்கொட்டைக் குழம்பு இருந்தது.

"இனிமே நீங்களே வந்து கூப்பிட்டாத்தான் வருவேன்."

"நானா? வரவே மாட்டேன்!"

பத்து நாள் ஓட்டல் சாம்பார். பதினோராம் நாள் உண்மை தெரிந்தது. அவள் இல்லாமல் என்னால் முடியவில்லை. வீட்டில் என்னைத் திட்டக்கூட ஆளில்லை. ஆனாலும் போய்க் கூப்பிடுவதா? புதுக்கோட்டை கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா நான். மூலத்தில் உள்ளதில் ஓர் எழுத்தைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். சொன்ன சொல்லும் அப்படித்தான்.

அவள் சமையலையே புத்தகமாக்கிவிட்டால்? முழுக்க முழுக்கப் பலா! கெட்டி அட்டையில் காடாத் துணி ஒட்டினேன். கோர்ட்டில் வழக்குக் கட்டுகள் தைக்கும் ஊசியால் நானே தைத்தேன். மேலே பலாப்பழம் வரைந்தேன். பக்கத்து வீட்டு ஞானமணி பார்த்துவிட்டு, முள்ளம்பன்றி நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்.

"புத்தகத்துக்காக மட்டுமே கேட்கிறேன்" என்று அவளுக்குக் கார்டு போட்டேன். கார்டுக்கு ஒரு பக்குவமாக வாரம் இரண்டு கார்டு வந்தது. பலாப்பிஞ்சு மூசுப் பொரியல், கொட்டை வறுவல், பலாக்காய்க் கூட்டு... ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் தலைப்பிட்டு நகலெடுத்தேன். கார்டை முகர்ந்தும் பார்த்தேன். வெளியில் சொல்லிவிடாதீர்கள்.

எட்டுப் பக்குவம் சேர்ந்ததும் பலாக்காய்க் கூட்டு சமைத்தேன். வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது. கார்டைப் பார்த்தேன். உப்பு என்ற சொல்லே இல்லை. எட்டிலும் இல்லை! மூலத்தில் இல்லாததை நான் எப்படிப் போடுவது?

"உப்பு எவ்வளவு?" என்று எழுதினேன்.

"அது எழுத்தில் வராது. கொண்டுவந்தால் ருசி பார்த்துச் சொல்கிறேன்" என்று பதில் வந்தது.

மறுபடியும் மூலப்படியே கூட்டு வைத்து, தூக்குவாளியுடன் பஸ் ஏறினேன். உப்பு விஷயமாகத்தான், அவளைக் கூப்பிட அல்ல. வழியில் நாலு தடவை இதை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். கண் கலங்கியது, எனக்குத்தான். அவள் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உப்பே போடலியே!"

"நீ எழுதலியே!"

"எழுதியிருந்தா வந்திருப்பீங்களா?"

"அப்ப வேணும்னேதான் விட்டியா?"

"நான் எழுதாத உப்பை நீங்க போடமாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? எட்டுக் கார்டு தாக்குப்பிடிப்பீங்கன்னுதான் நெனைக்கலை."

உள்ளேயிருந்து மாமனார் பெரியண்ணன் கேட்டார்: "மாப்பிள்ளை என்ன விசயமா வந்திருக்காரு?"

"என்னையக் கூப்பிட வந்திருக்காங்கய்யா!"

"இல்ல மாமா, உப்பு விசயமா..." என்று மறுக்கத்தான் திரும்பினேன். அதற்குள் அவளுடைய டிரங்குப் பெட்டி என் தலையில் இருந்தது.