தோல்ஜார் மஹல்லாவின் தொண்ணூற்றிரண்டு கைகள்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலத்துக்கு வாய்த்த பெரும்பேறு, தோல்ஜார் மஹல்லாவில் நடந்த ‘சொத்துரிமைச் சொற்களைப் புரிந்துகொள்வோம்’ கருத்தரங்கு என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. அதற்கு முன்பு அந்தக் குடியிருப்பின் நாற்பத்தேழு வீட்டுக்காரர்களும் காட்டுமிராண்டிகளாகவே காலம் தள்ளினார்கள். அப்பா கட்டினார், நான் இருக்கிறேன், ஆகவே வீடு என்னுடையது. இவ்வளவுதான் அவர்களுடைய சட்ட ஞானம்.

இந்த அறியாமையில் முதலிடம் ஹோஸியத்துக்கு. வயது அறுபத்தெட்டு. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவளை ‘ஓபா’ என்பார்கள். அக்கா என்று அர்த்தம்; அண்ணன் என்றால் ‘அகா’. அவள் வீட்டு முற்றத்தில் ஒரு தந்தூர் அடுப்பு உண்டு. களிமண்ணில் செம்மறி ரோமத்தைக் கலந்து, அவளும் புருஷனும் காலால் மிதித்துக் குழைத்துக் கட்டியது. புருஷன் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது, அடுப்பு நின்றுகொண்டிருக்கிறது. தெருவுக்கே ரொட்டி அதில்தான் வேகிறது. இந்த இடத்தில் வணிக வளாகம் வரப்போகிறது, வீட்டுக்குப் பதிலாக ஒன்பதாவது மாடியில் ஃபிளாட் தருவார்கள் என்று பேச்சு அடிபட்டதிலிருந்து ஓபாவுக்குத் தூக்கம் இல்லை. ஒன்பதாவது மாடியில் தந்தூர் வைக்க முடியுமா? வீடு போனால் நானும் போன மாதிரிதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்படி அற்ப விஷயத்துக்கு அங்கலாய்ப்பதைத்தான் நகர நிர்வாகம் ‘விழிப்புணர்வுக் குறைபாடு’ என்கிறது.

குறைபாட்டைப் போக்க, சட்ட விழிப்புணர்வுப் பிரிவின் தலைவர் அஸ்லிதின் கோமிலோவிச் தாமே நேரில் எழுந்தருளினார். அறுபது பக்கக் கையேடு எழுதியவர். அதில் ‘உரிமை’ என்ற சொல்லுக்கு மட்டும் பதினான்கு பக்கம்.

“‘சுவாதீனம்’னா, பொருள் உங்க கையில இருக்கிறது. ‘பாத்தியம்’னா, அது உங்க கையில இருக்கலாம்னு இன்னொருத்தர் ஒத்துக்கிறது” என்று தொடங்கினார்.

“யாருங்க அந்த இன்னொருத்தர்?” என்று கேட்டாள் மஹ்ஃபுசா. ஓபாவின் பக்கத்து வீடு, பள்ளிக்கூட ஆசிரியை. கேள்வி கேட்டே பழகிவிட்ட தொழில்.

“அது ரெண்டாம் பகுதியில வரும். ‘சந்தை மதிப்பு’னா, விக்கிறவரும் வாங்குறவரும் மனசார ஒத்துக்கிற விலை.”

“நாங்க விக்கலையே.”

“அதனாலதான் உங்களுக்குப் பதிலா நாங்களே மனசார ஒத்துக்கிறோம்.”

ஓபா எழுந்தாள்.

“தம்பி, எனக்கு அறுபது பக்கம் வேண்டாம். ஒரே ஒரு பதில் போதும். என் வீடு யாருது?”

கோமிலோவிச் கனிவாகச் சிரித்தார். “ஓபா, ‘யாருது’ங்கிறது சட்டச் சொல்லே இல்ல.”

இரண்டாம் பகுதிக்குப் பதிலாகப் பெரிய தட்டுகளில் புலாவு வந்தது. கேரட்டும் ஆட்டுக்கறியும் மணந்த அந்தப் புலாவின் முன்னால் சட்டச் சிக்கல்கள் எல்லாம் தாமாகத் தீர்ந்தன. சாப்பிட்டு முடிந்ததும் மஹல்லாத் தலைவர் ஹக்கீம்ஜான் அகா வழக்கம்போல இறைவனிடம் துஆ கேட்டார். சாப்பிட்ட இடத்தில் துஆ இல்லாமல் எவனாவது எழுந்து போனான் என்றால் அவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லை வளர்ப்பு சரியில்லாதவன். எல்லோரும் இரண்டு கைகளையும் ஏந்தினார்கள், ஆமீன் சொன்னார்கள், முகத்தைத் தடவிக்கொண்டார்கள். நாற்காலி மேல் ஏறி நின்ற நிர்வாகப் புகைப்படக்காரர் ‘ஞாபகத்துக்கு’ ஒரு படம் எடுத்தார். ஓபா மட்டும் கை ஏந்தவில்லை. விருந்தாளிகள் வீட்டுக்கு எடுத்துப்போக ரொட்டி அடுக்கிய தட்டைத் தாங்கிக்கொண்டு அந்த நேரம் பார்த்துக் கதவோரம் நின்றாள்.

நான்கு நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் தீர்மானம் ஒட்டப்பட்டது. மஹ்ஃபுசா வாசித்தாள். வீடுகளைப் ‘பொதுத் தேவை’க்கு ஒப்படைக்க நாற்பத்தாறு உரிமையாளர்கள் தொண்ணூற்றிரண்டு கைகளை உயர்த்தி ஆதரவு தெரிவித்தார்களாம். ஆளுக்கு ஒரு கை என்றால் அது வெறும் ஒப்புதல். இரண்டு கை என்றால் ‘பேருவகையுடன் கூடிய தன்னார்வ ஒப்புதல்’. சாட்சிக்குப் புகைப்படம் இணைக்கப்பட்டிருந்தது.

ஜனம் ஹக்கீம்ஜான் அகா வீட்டுக்கு ஓடியது. “நான் துஆதானே கேட்டேன், எனக்கு என்ன தெரியும்” என்றார் அகா. வளாகத்தின் தரைத்தளத்தில் அவருக்கு ஒரு கடை ஒதுக்கப்பட்டிருந்தது தற்செயல். அவரும் பாவம், பிழைக்க வேண்டாமா?

ஆனால் சட்டம் கறாரானது. தீர்மானம் செல்ல வேண்டுமானால் ஒருமனதாக இருக்க வேண்டும். படத்தில் கதவோரம் ஒருத்தி ரொட்டித் தட்டோடு நிற்கிறாளே.

மறுநாள் காலையிலேயே கோமிலோவிச், ஹக்கீம்ஜான் அகா, புகைப்படக்காரர் மூவரும் இனிப்புப் பெட்டியுடன் ஓபாவின் முற்றத்தில் வந்து நின்றார்கள். ‘மீதிச் சொற்களை’ விளக்க வந்தார்களாம். எதற்கு வந்தார்கள் என்று ஓபாவுக்குத் தெரியாதா? ஆனாலும் வந்தவர்களை வாசலோடு அனுப்புவது அந்த ஊரில் இல்லாத பழக்கம். விரிப்பை விரித்தாள், சூடான ரொட்டியைப் பிட்டு வைத்தாள், மஹ்ஃபுசாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள். டீ கெண்டியைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவே இல்லை.

சாப்பிட்டாயிற்று. கோமிலோவிச் புகைப்படக்காரரைப் பார்த்தார். “கை ஏறினதும் எடுத்துடு” என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்.

“துஆ கேட்டுடலாமா, ஓபா?” என்றார் அகா.

“அதுக்குள்ள என்ன அவசரம்? இன்னொரு கிண்ணம் குடிங்க.”

“ஓபா, அந்தக் கெண்டியைக் கொஞ்சம் கீழ வைக்கலாமே.”

“ஆறிடும் தம்பி.”

ஒன்பது கிண்ணம் பச்சை டீ உள்ளே போன பிறகு கோமிலோவிச் உட்கார்ந்த இடத்திலேயே நெளியத் தொடங்கினார். துஆ இல்லாமல் எழ முடியாது. எழாமல் இருக்கவும் முடியாது. சட்டக் கையேட்டில் இந்த நிலைமைக்குச் சொல்லே இல்லை.

“ஓபா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், முடிச்சிடுங்க” என்றார் மெல்லிய குரலில்.

“இங்க நான்தானே மூத்தவ. நானே கேக்கறேன்” என்று ஓபா கெண்டியைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் ஏந்தினாள். அவ்வளவு நேரம் காத்திருந்த கைகள் எல்லாம் தாமாக மேலே போயின.

“யா அல்லா, வந்தவங்களுக்கு நல்ல சுகத்தைக் குடு. ஆத்தங்கரையில இருக்கிற அஸ்லிதின் கோமிலோவிச்சோட ரெண்டு மாடி வீடு, தோட்டம், நீராவிக் குளியலறை எல்லாத்தையும் அவரே மனமுவந்து பொதுத் தேவைக்குக் குடுக்க அருள் செய். ஆமீன்.”

அரைக் கண்ணை மூடியிருந்த கோமிலோவிச்சின் வாயிலிருந்து ஆமீன் வந்துவிட்ட பிறகுதான் காதுக்குள் வார்த்தை நுழைந்தது. புகைப்படக்காரர் கடமை தவறாதவர். கை ஏறிய கணமே எடுத்துவிட்டார்.

ஆனாலும் கோமிலோவிச் கலங்கவில்லை. கிழவி என்ன உளறினால் என்ன, கை ஏறிவிட்டதே. மாலையே அந்தப் படம் பலகையில் ஏறியது: ‘நாற்பத்தேழாவது ஒப்புதலும் பெறப்பட்டது.’ இடிக்கும் தேதியும் குறித்துவிட்டார்கள். ஓபா பலகைக்கு முன்னால் நின்று அழுதாள். அந்த அடுப்பைக் கட்ட மிதித்த கால் இன்னும் வலிக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

“அழாதீங்க ஓபா. இந்தப் படத்துல கை ஏந்திக்கிட்டு இன்னும் யாரு உக்காந்திருக்கான்னு பாருங்க” என்றாள் மஹ்ஃபுசா.

அன்றே உட்கார்ந்து, நிர்வாகத்தின் தீர்மானத்தை வரிக்கு வரி நகல் எடுத்தாள். முகவரியையும் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றினாள். நான்கு பேர், எட்டுக் கைகள், ஒருமனதாக, பேருவகையுடன், உரிமையாளர் முன்னிலையில், அவருடைய ஆமீனுடன். நிர்வாகமே ஒட்டிய படத்தை இணைத்துக் கோமிலோவிச்சின் மேலதிகாரிக்கு அனுப்பினாள். மேலதிகாரியின் மருமகன் உணவகம் கட்ட ஆற்றங்கரையில் இடம் தேடி ஒரு வருஷமாக அலைந்துகொண்டிருந்தான். ஆகவே பொதுத் தேவையை மேலதிகாரி படித்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். நிர்வாக வரலாற்றில் ஒரு கோப்பு அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. மூன்றாம் நாள் நில அளவையர்கள் வந்து கோமிலோவிச் வீட்டு மதிலில் சிவப்பு மையால் இடிப்பு எண் எழுதிவிட்டுப் போனார்கள்.

அதற்கடுத்த காலை, தொப்பிகூட இல்லாமல் அவர் ஓபாவின் வாசலில் நின்றார். கையில் ஒரு தாள்.

“ஓபா, அந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கச் சொல்லுங்க. துஆ வேற, ஒப்புதல் வேற. படைச்சவனைப் பாத்து ஏந்தின கையை ஓட்டுன்னு எண்ணலாமா? பாவம் இல்லையா?”

“நீங்க சொல்லித்தான் தம்பி எங்களுக்குத் தெரியுது. எழுதிக் குடுத்தா நல்லா இருக்கும்.”

“எழுதியே கொண்டுவந்திருக்கேன்.”

மஹ்ஃபுசா வாசித்தாள்: ‘சட்ட விளக்கம். துஆவின்போது ஏந்தப்படும் கைகள், எத்தனையாயினும், எவருடையவையாயினும், சொத்தை ஒப்படைப்பதற்கான ஒப்புதல் ஆகா. அத்தகைய கைகளின் பேரில் நிறைவேறிய தீர்மானங்கள் யாவும் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை.’ கீழே கையெழுத்து. வட்ட முத்திரை. கையேட்டின் அறுபது பக்கத்திலும் இல்லாத தெளிவு இந்த நாலு வரியில் இருந்தது.

அந்த நாலு வரி மதியத்துக்குள் நாற்பத்தேழு வாசல்களில் ஒட்டப்பட்டது. அதற்குப் பிறகுதான் மனு திரும்பியது. கோமிலோவிச் நிம்மதியாக மூச்சு விட்டார். ஓபா அவருக்கு ஒரு சூடான ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

“தம்பி, அன்னிக்குக் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலை. ஆத்தங்கரை வீடு யாருது?”

“என்ன கேள்வி ஓபா இது? என்னுதுதான். நான்தானே கட்டினேன், நான்தானே இருக்கேன்.”

ஓபா வாசலில் ஒட்டியிருந்த தாளைக் கையால் நீவிவிட்டாள்.

“அப்போ ‘யாருது’ங்கிற சொல்லுக்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்க.”