வண்டி நலமாக இருப்பது பற்றி

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் அக்காவின் மகள் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். வண்டியும் நலம். வண்டி இவ்வளவு நலமாக இருப்பதுதான் இப்போது எங்களுக்கு வந்திருக்கும் கஷ்டம். அத்தைக்கு முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று முறை கூப்பிட்டேன் மாமா. மூன்று முறையும் "என்னம்மா பட்டதாரி" என்று ஆரம்பித்து, உங்கள் ஆபீஸ் லிஃப்ட் நடுவில் நின்றுபோன கதையைச் சொல்லி முடித்து, "சரிம்மா, எல்லாரையும் கேட்டேன்னு சொல்லு" என்று நீங்களே வைத்துவிட்டீர்கள். வாட்ஸ்அப்பில் நான்கு பத்தி எழுதி அனுப்பினேன். இரண்டு நொடியில் கட்டைவிரலை உயர்த்திய படம் வந்தது. அவ்வளவு வேகமாக யாரும் படிக்க முடியாது என்பதால், இதைக் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீங்கள் வந்துவிட்டுத் திரும்பிய அன்று, ரயில் நிலையத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் அப்பாவின் கார் பின்பக்கமாகத் தூணில் மோதியதே, அப்போது நீங்கள் அந்தப் பள்ளத்துக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டே உங்கள் போனில் ஒரு செல்ஃபி எடுத்தீர்கள். அந்தப் படம் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அது இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்ச் சேராவிட்டால் அப்பாவின் பாலிசியை ரத்து செய்துவிடுவார்கள். பாலிசி இல்லாத வண்டியில் கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு நோயாளியைக்கூட ஏற்ற மாட்டார்கள். ஆபரேஷன் முடிந்து கண்ணில் கட்டோடு வருகிறவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுவதுதான் அப்பாவுக்கு இருக்கும் ஒரே நிரந்தர வேலை. பாலிசி போனால் திங்கட்கிழமையிலிருந்து வேறு வண்டி பார்த்துக்கொள்வதாக ஆஸ்பத்திரி மேலாளர் சொல்லிவிட்டார்.

உங்களைக் குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம். நீங்கள் வண்டிக்குப் பின்னால் நின்று, போனைப் பார்த்துக்கொண்டே, "வரலாம் மச்சான், வரலாம், இன்னும் எவ்ளோ இடம் இருக்கு" என்று கையசைத்தது உண்மைதான். ஆனால் அது கம்பெனிக்குத் தெரியாது. கோரிக்கைப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் எந்தப் படிவம் வந்தாலும் என் கைக்குத்தான் வருகிறது. நான் படித்தது தாவரவியல். இதை நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 'விபத்துக்கு வேறு யாரேனும் காரணமா' என்ற கேள்வியைப் படித்துவிட்டு அப்பாவைப் பார்த்தேன். "மாப்ள பேர இழுக்காத. கையக் காட்டுனது அவரு, கால அழுத்துனது நான்தானே" என்றார். 'மறு தரப்பினரின் பெயர், முகவரி' என்று அடுத்த கேள்வி. "தூணுக்கு ஏதும்மா பேரு, நம்பர் எழுதியிருக்கும், பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லி, வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் கிளம்பிப் போய், பி-17 என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தார். 'ஐந்து ஆண்டுகளில் வேறு விபத்து உண்டா' என்றதற்கு, சூப்பர் மார்க்கெட்டில் ஒரு தள்ளுவண்டி வந்து கதவில் உரசியதைச் சொன்னார். "அதெல்லாம் எழுதணுமாப்பா" என்றேன். "கேட்டிருக்காங்கல்ல" என்றார். எழுதினேன். பொய் சொல்ல வராத மனுஷனுக்குப் படிவம் நிரப்புவது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசியில் 'வாகனத்தின் தெளிவான படத்தை இணைக்கவும்' என்று இருந்தது. நான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அம்மா பின்னாலேயே வந்து, "ஆபீஸுக்குப் போற போட்டோம்மா, இதையா அனுப்புவ" என்று கேட்டாள். கார் வாங்கிய புதிதில், அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு முன்பக்கத்தில் கை வைத்து நிற்கும் படம் ஒன்று உண்டே, அதை அனுப்பச் சொன்னாள். அப்பாவும் அதில் வண்டி தெளிவாக இருக்கிறது என்றார். மாமா, அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். தோன்றியது. சொல்ல வாய் வரவில்லை. அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் ஒரு தகவலும் இல்லை. நானே கூப்பிட வேண்டியதாயிற்று. பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிப் பழகிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று சொல்லிவிட்டு, 'உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்றது. அப்பா ஸ்பீக்கரில் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா மின்விசிறியை நிறுத்திவிட்டு, அடுப்பையும் அணைத்தாள். இருபத்தைந்து நிமிடம் பாட்டு ஓடியது. அவ்வளவு நேரமும் எங்கள் வீட்டில் யாரும் இருமக்கூட இல்லை. பிறகு ஒரு பெண் வந்தாள். என்னைவிடச் சின்னவளாக இருப்பாள். "உங்க கோரிக்கை பரிசீலனையில இருக்குங்க மேடம். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எங்க சர்வேயர் வீட்டுக்கு வந்து வண்டியப் பார்ப்பாரு. வேற ஏதாவது உதவி வேணுமா?" தாளில் ஒன்பது கேள்வி எழுதி வைத்திருந்தேன். "இல்லைங்க, நன்றி" என்று வைத்துவிட்டேன்.

இங்கேதான் நடக்கக் கூடாதது நடந்தது. சர்வேயர் வருகிறார் என்பதில் எனக்குக் கேட்டது 'சர்வேயர்'. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கேட்டது 'வீட்டுக்கு வருகிறார்'. திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தார்கள். மாடி வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி கடன் வாங்கினார்கள். சுவரில் நான் பள்ளிக்கூடத்தில் வாங்கிய சான்றிதழ் சாய்ந்திருந்ததை அப்பா நிமிர்த்தி மாட்டினார். திங்கட்கிழமை எனக்கு ஒரு நேர்முகத் தேர்வு. காலையில் போய்விட்டு மாலையில் திரும்பினால், வாசலில் கார் பளபளவென்று நிற்கிறது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். உள்ளங்கை நுழைகிற அளவுக்கு இருந்த பள்ளம் இல்லை. உடைந்த விளக்கு இல்லை, புதுசு இருந்தது. பெயின்ட் வாசனை மட்டும் லேசாக வந்தது. அப்பா கதவருகே நின்று, நான் ஏதாவது நல்லதாகச் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குப்பா. ஆனா நாளைக்கு அவரு..."

"அதுக்குத்தான். காலைலயே டிங்கர்கிட்ட விட்டுட்டேன். நாள் பூரா பக்கத்துலயே நின்னு வேலை வாங்கிட்டு வந்தேன். வர்ற மனுஷன் ஓட்டை வண்டியப் பாத்துட்டா போவாரு?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். இன்சூரன்ஸ் பணம் கேட்பதற்கு அந்தப் பள்ளம்தான் நமக்கு இருந்த ஒரே அத்தாட்சி என்று எப்படிச் சொல்வது? அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

சர்வேயர் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் டார்ச் லைட். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். மறுபடி சுற்றினார். மூன்றாவது சுற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின்பக்கத் தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"சார், அடி எங்க?"

"இங்கதான் சார் இருந்துச்சு," என்று அப்பா பெருமையோடு காட்டினார்.

"இருந்துச்சா?"

"எடுத்துட்டேன் சார். நீங்க வர்றீங்கன்னு."

அவர் எழுந்து நின்றார். "சார், அந்த அடியப் பாக்கத்தான் நான் வந்தேன்."

"நீங்க பெருந்தன்மையா சொல்றீங்க. அதுக்காக வீட்டுக்கு வந்தவங்களுக்கு அதக் காட்ட முடியுமா?"

அம்மா டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். கம்பெனி விதிப்படி எதுவும் சாப்பிடக் கூடாது என்றார். "தண்ணியாவது குடிப்பா. வெயில்ல வந்திருக்க" என்றாள் அம்மா. தண்ணீருக்கு விதி உண்டா என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது, குடித்தார். பிறகு பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து ஒரே ஒரு வரி எழுதினார். பக்கத்தில் நின்றதால் என் கண்ணில் பட்டது. 'சேதம் எதுவும் காணப்படவில்லை.' போகும்போது என்னிடம் மட்டும், "மேடம், நீங்க படிச்சவங்கதானே?" என்று கேட்டார். தாவரவியல் என்று அவரிடம் சொல்லவில்லை.

நான்கு நாளில் கடிதம் வந்தது. நான் வாசிக்க அப்பா கேட்டார். அனுப்பிய படத்தில் சேதம் இல்லையாம், நேரில் பார்த்தபோதும் சேதம் இல்லையாம், ஆகவே இல்லாத சேதத்துக்குக் கோரிக்கை வைத்த பொய்க் கோரிக்கையாக இதைக் கருத வேண்டியிருக்கிறதாம், ஏழு நாளுக்குள் சேதம் இருந்ததற்கு ஆதாரம் காட்டாவிட்டால் பாலிசி ரத்தாகுமாம். 'பொய்க் கோரிக்கை' என்ற இடத்தை மெதுவாக வாசித்துவிட்டு அடுத்த வரிக்கு நழுவப் பார்த்தேன். அப்பா விடவில்லை. "அத இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். அவர் எழுந்து வெளியே போனார். ரொம்ப நேரம் கழித்துப் பார்த்தால், காரில் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுகிற இடத்தில் இல்லை மாமா, நோயாளிகள் உட்காருகிற இடத்தில். வண்டி ஓட்டுகிற இந்த இருபத்திரண்டு வருடத்தில் அப்பாவை யாரும் பொய் சொல்கிறவர் என்று சொன்னதில்லை. அவருக்குக் கோபம் வந்திருந்தால் பரவாயில்லை. அவர் அதிர்ந்து போய்விட்டார், கோபப்படவே தெரியவில்லை.

ஆதாரம் என்றால் டிங்கரிடம் போகலாம் என்று நானே துணிந்து போனேன். பழைய தகடு, விளக்கு ஏதாவது கிடக்குமா என்று கேட்டேன். பழைய இரும்புக்காரன் அன்றைக்கே அள்ளிக்கொண்டு போய்விட்டானாம். அடி இருந்தது என்று எழுதியாவது தருவீர்களா என்றேன். அந்த மனிதருக்கு முகமே மாறிவிட்டது. "அடி இருந்த அடையாளமே தெரியக் கூடாது, அதாம்மா என் தொழில். ஆபீஸ்காரன் மூணு சுத்து சுத்தியும் கண்டுபிடிக்கலையா?" என்று கேட்டு, கடையில் இருந்த எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடைசியில் ரசீதுப் புத்தகமே தன்னிடம் இல்லை என்றார்.

ஆகவே மாமா, இந்த உலகத்தில் அந்தப் பள்ளத்தின் ஒரே படம் உங்கள் போனில்தான் இருக்கிறது. அதில் நீங்கள் பாதி மறைத்துக்கொண்டு நிற்பீர்கள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது, மீதிப் பாதி தெரிந்தால் போதும். கடிதம் கிடைத்த உடனே எனக்கு அனுப்பிவையுங்கள். நீங்கள் கையசைத்ததைப் பற்றி நான் எங்கும் வாய் திறக்க மாட்டேன். அப்பாவும் சொல்ல மாட்டார். இது பணத்துக்காக இல்லை. விளக்குக்கும் பெயின்டுக்கும் ஆன செலவு போனால் போகட்டும். அப்பா திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும், முன் சீட்டில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அத்தைக்கு என் வணக்கம். அவர் வலியும் உங்கள் அலைச்சலும் குறைந்து இருவரும் சுகமாக இருக்க இங்கே மூவரும் வேண்டிக்கொள்கிறோம். எழுத்தில் மரியாதை எங்காவது குறைந்திருந்தால், அது அவசரமே தவிர வேறில்லை.

இப்படிக்கு,
பணிவுடன்,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கம்பெனியிலிருந்து இன்னொரு கடிதம் வந்துவிட்டது. யாரோ மேலதிகாரி கோப்பை மறுபடி பார்த்தாராம். சேதம் இல்லாததால் விபத்து நடக்கவில்லை என்றும், விபத்து நடக்காததால் கோரிக்கையே எழவில்லை என்றும், எழாத கோரிக்கை பொய்யாக இருக்க முடியாது என்றும் முடிவு செய்திருக்கிறார்கள். ரத்து அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஐந்து ஆண்டுகளாக ஒரு கோரிக்கையும் இல்லாத ஓட்டுநர் என்று அடுத்த வருடத் தவணையில் தள்ளுபடிகூட உண்டாம். அம்மா கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பா மட்டும், "அப்போ நான் மோதலையா?" என்று கேட்டார். "மோதலைன்னு எழுதியிருக்காங்கப்பா" என்றேன். "மோதுனேனே. அதெப்படி நடந்தத நடக்கலன்னு எழுதுவாங்க?" என்று கேட்டுவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டார். புதன்கிழமை மாலை உங்களைக் கூப்பிட்டு அந்தப் படத்தை வாங்கி, வியாழக்கிழமை நேரில் போய்க் காட்டி, விபத்து நடந்ததை அவர்களுக்கு நிரூபிக்கப் போகிறாராம். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஆகவே மாமா, தயவுசெய்து படத்தை அனுப்ப வேண்டாம். உடனே அழித்துவிடுங்கள். அப்பா கேட்டால், படமே எடுக்கவில்லை என்று சொல்லுங்கள். எதற்காகச் சொல்கிறோம் என்று தெரியாமல் நீங்கள் பொய் சொல்லக் கூடாது என்பதால்தான் மேலே எழுதியதைக் கிழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன். பெரியவர்களிடம் இப்படிக் கேட்பது சரியா என்று அம்மாவிடம் கேட்டேன். "தாராளமா கேளு, என் தம்பிக்கு அது நல்லாவே வரும்" என்றாள்.