ஜன்னலோர மேசை

மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தது. மாசிலாமணிக்குப் பகீரென்றது.

அவருடைய மேசை அது! சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில், அஹமது கபீர் டீக்கடையின் ஜன்னலோர மேசை. ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்தில் இருக்கும் மகனோடு போய்க் குடியேறும்வரை ஞாயிறு தவறாமல் அங்கேதான் உட்காருவார். எட்டு வருடம் கழித்து இப்போதுதான் வருகிறார். கடைக்குப் புதுப் பெயிண்ட், புது ஆட்கள். "வர்றேன் பாய்" என்று நேற்றே போனில் சொல்லியும் கபீர் பாயைக் காணோம். நல்லவேளை, மேசை மட்டும் மாறவில்லை. அதில் உட்கார்ந்து ஒரு இஞ்சி டீ குடித்துவிட்டால் சாயங்கால விமானத்தில் நிம்மதியாக ஏறிவிடுவார்.

ஆனால் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதைத் தள்ளிவைக்க அவருக்குக் கை வரவில்லை. எங்கே போனாலும் சிங்கப்பூரில் பிறந்த கை அல்லவா!

டீயை வாங்கிக்கொண்டு நின்றார். டீதான் ஆறியது, ஆள் வரவில்லை.

பசி வந்தது. புரோட்டா வாங்கினார். இரண்டு கையும் நிறைந்து போய்த் திண்டாடினார். பக்கத்து மேசை காலியானதும், அதில் தன் கைக்குட்டையை விரித்து இடம் பிடித்துவிட்டு, குழம்பு கேட்கப் போனார்.

துடைக்க வந்த அம்மா அந்தக் கைக்குட்டையாலேயே மேசையைப் பளிச்சென்று துடைத்து, அதைக் குப்பையில் போட்டுவிட்டார். திரும்பி வந்தால் அங்கே ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது.

இடம் தேடி நின்ற நஸீஹா என்ற இளம்பெண்ணுக்குப் பாவமாக இருந்தது.

"நானும் பாக்குறேன் அங்கிள், ரொம்ப நேரமா அந்த டேபிள் எம்ப்டி லா! டூ மச்!"

"இந்த மாதிரி ஆளெல்லாம் நாட்டுல இருக்கவே கூடாதும்மா. பிளேன்ல ஏத்தி அனுப்பிடணும்!"

"கரெக்ட் அங்கிள்!"

வரிசையில் நின்றவர்களும் தலையாட்டினார்கள். மாசிலாமணிக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது.

"மனுஷனா அவன்? நாலு பேரு நிக்கிறாங்களேன்னு கொஞ்சமாவது வெக்கம் வேணாம்?"

"வேணும், வேணும்!" என்றது கூட்டம்.

அந்தத் தைரியத்தில் புரோட்டாத் தட்டை நஸீஹாவிடம் கொடுத்துவிட்டு, டிஷ்யூ பாக்கெட்டைத் தூக்கி எறியக் கையை நீட்டினார்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் பதறிப்போய்க் கத்தினார்:

"அண்ணே, தொட்டுடாதீங்க! பெர்த்துலேர்ந்து மாசிலாமணின்னு யாரோ வர்றாராம், அவருக்காக முதலாளியே அதை வெச்சுட்டு, நல்ல இஞ்சியா வாங்கிட்டு வர ஓடியிருக்காரு!"