நோஞ்சான் பேட்டரி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேஜை ஸ்மிதா சொன்னது. அவளுக்குச் சொன்னது, செம்பூரில் அவள் எதிர்வீட்டு ரோசம்மா. இரண்டு கை மாறி வந்த கதை. நானாக எதையும் கூட்டவில்லை.

ரோசம்மாவின் கணவர் மிக்கேல்ராஜுக்கு வாரத்தில் ஆறு நாள் பயமில்லை. ஞாயிறுதான் பயம். பூசை முடிந்ததும் அம்பர்நாத்துக்கு மாமனார் வீடு போக வேண்டும். மாமனார் அங்கே ஃபேக்டரி பாய்லரைக் கவனித்து ஓய்வு பெற்றவர். ஒரு மழைக்காலத்தில் அது வெடிக்காமல் தாம் காப்பாற்றியதை, வால்வு வால்வாக, மாப்பிள்ளையை எதிரே உட்காரவைத்துச் சொல்வார். வெடித்திருந்தால் கதை சீக்கிரம் முடிந்திருக்கும்.

மிக்கேல்ராஜின் ஒரே துணை மெகா பிளாக். தண்டவாள வேலைக்காக ஞாயிற்றுக்கிழமை ரயிலை நிறுத்திவிட்டால் அவர் முகத்தில் கிறிஸ்துமஸ் வந்துவிடும். "ட்ரெயின் இல்லியே, என்ன செய்ய?" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார்.

அதற்கும் வேட்டு வந்தது.

"ஒரு கார் வாங்குவோம்," என்றாள் ரோசம்மா. "கரண்டுல ஓடுறது. செகண்ட் ஹேண்ட் போதும். மெகா பிளாக் வந்தா வரட்டும்."

மிக்கேல்ராஜ் இடிந்துபோனார். பிறகு யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மலர்ந்தது. பழைய கார் என்றால் பேட்டரி தேய்ந்திருக்கும். தேய்ந்த பேட்டரி தூரம் போகாது. அம்பர்நாத் போய்த் திரும்பத் தொண்ணூறு கிலோமீட்டர். ஊரெல்லாம் நல்ல பேட்டரி தேடும்போது, அவர் நோஞ்சான் பேட்டரி தேடிப் புறப்பட்டார்.

கார் விற்கும் சிராஜ் முதல் வண்டியைக் காட்டினார்.

"பேட்டரி ஹெல்த் தொண்ணூத்தி நாலுண்ணே. ஸ்கிரீன்லயே பாருங்க. வாரண்டியும் உங்க பேருக்கு மாத்திரலாம்."

"கலர் சரியில்லையே."

"வெள்ளைண்ணே."

"அதான். ரொம்ப வெள்ளை."

இரண்டாவது வண்டியை ஏசி போட்டு, ஃப்ரீவேயில் ஏற்றி இறக்கி ஓட்டிப் பார்த்தார்கள். சார்ஜ் குறையவே மாட்டேன் என்றது. மிக்கேல்ராஜ் இறங்கிக் கதவைச் சாத்தினார்.

"சீட்டு மெத்துனு இருக்கு. தூக்கம் வந்துரும். வேண்டாம்."

ரோசம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அடுத்த வாரம் மூன்றாவது வண்டி. சிராஜே கூச்சத்தோடுதான் காட்டினார்.

"இத விட்டுருங்கண்ணே. ஃபுல் சார்ஜ் போட்டாலும் எழுபது கிலோமீட்டர் தாண்டாது. பக்கத்துல கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும் போய் காய்கறி வாங்கிட்டு வரலாம்."

"நிச்சயமா தாண்டாதா?"

"தாண்டாது."

"எழுதித் தருவீங்களா?"

சிராஜ் ரோசம்மாவைப் பார்த்தார். அவள் இரண்டே கேள்வி கேட்டாள்.

"வீட்டு ப்ளக்குல மாட்டுற கேபிளு கூடவே வருமா, தம்பி?"

"வரும்க்கா. பதினாறு ஆம்பியர் பாயிண்ட் இருந்தா போதும்."

"ஃபுல்லாக எவ்வளவு நேரம் ஆவும்?"

"ராத்திரி பூரா போடணும்."

"அப்ப இதையே எடுங்க," என்றாள் கணவரிடம். "நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

ஞாயிறு வந்தது. பூசை முடிந்தது. மிக்கேல்ராஜ் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"ஏட்டி, போவ வர தொண்ணூறு. வண்டி எழுபதுதான் ஓடும். என் விதியப் பாரு."

"போவ மட்டும் எவ்வளவு?"

"நாப்பத்தஞ்சு."

"அது ஓடும்லா?"

"ஓடும். திரும்ப வராதே."

"இன்னைக்கே வரணும்னு யாரு சொன்னா? அப்பா வீட்டு வாசல்ல பாயிண்ட் இருக்கு. ராத்திரி பூரா ஏறட்டும். காலையில அங்கேருந்தே ஆபீஸ் போயிருங்க. மாத்துத்துணி டிக்கியில வச்சாச்சு."

மாமனார் வாசலுக்கே ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

"மாப்பிள, எப்பவும் கடைசி ட்ரெயினப் பிடிக்க ஓடிருவிய. ரெண்டாவது பாய்லர் கதைய நான் சொன்னதே இல்லியே."

அந்தப் பாயிண்ட் விஷயம் மட்டும் எனக்கு உறுத்தியது. ஸ்மிதா வீட்டுக்குப் போயிருந்தபோது, எதிர்வீட்டுக்கு வந்திருந்த ரோசம்மாவின் தம்பி சாஜனிடம் கேட்டேன். அவர்தான் ஆள் கூட்டிவந்து போட்டாராம். என்றைக்கு என்று கேட்டேன். இரண்டாவது காரில் சீட் மெத்தென்று இருந்த அன்று சாயங்காலம்.